கூலியும் பேரும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் ‘கூலி’ என்று சொல்லிவிட்டால் அது வசை. கைகலப்பில் முடியலாம், நீதிமன்றம் வரைக்கும் போகலாம். திருத்தணி மார்க்கெட்டில் விடிகாலையில் அதே சொல் எத்தனை வாயில் புரள்கிறது! ‘கூலி எவ்ளோ?’, ‘அவரு கூலிக்குப் போயிருக்காரு’, ‘மழ புடிச்சிக்கிச்சி, இன்னிக்குக் கூலி இல்ல.’ சொல்பவர் குரலைத் தாழ்த்துவதில்லை, கேட்பவர் முகம் சுளிப்பதில்லை. பூக்கூடைகளின் ஈரமும் வாழைத்தாரின் பால்வாடையும் லாரி டீசலும் கலந்த அந்தக் காற்றில் ‘கூலி’ என்பது அரிசி, பருப்பு போல இன்னொரு சொல், அவ்வளவுதான். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருப்பது கடல் மட்டும்தானா என்ற கேள்வி என்னை வெகுநாளாக விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. அங்கே புண்ணாகிப்போன சொல் இங்கே தழும்புகூட இல்லாமல் இருப்பது நம் வெள்ளந்தித்தனமா, மறதியா? சொல் நம்முடையது, அதனால் நமக்கு வலிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல் போன இடத்திலேயே நின்றுவிடவில்லை. வேறு உருவெடுத்து நம் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் முழு உடன்பாடு இல்லை. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இதற்குக் கணிசமான இடம் ஒதுக்கியிருக்கிறது. குஜராத்தின் கோலி இன மக்களின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு கட்சி. தமிழின் கூலியிலிருந்துதான் என்று மறு கட்சி. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் ‘குல்’ என்ற சொல்லையும் சிலர் இழுத்து வருவார்கள். முதல் இரண்டு ஊற்றும் ஒரே வாய்க்காலில் கலந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மேற்குக் கரையில் ஓர் இனத்தின் பெயராகப் போர்ச்சுக்கீசியர் காதில் விழுந்த ஒலியும் கிழக்குக் கரையில் கைக்காசின் பெயராக விழுந்த ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால், கேட்டவர்கள் பிரித்துப் பார்க்கச் சிரமப்படவில்லை. இந்தச் சொல் சீனத்துக்குப் போனபோது அங்குள்ளவர்கள் ஒலிக்கு ஏற்ற இரண்டு எழுத்துகளைத் தேடிப் பொருத்தினார்கள். ஒன்றுக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள். மற்றதற்கு வலு. சொல்லின் பிறப்பு தெரியாமலே அதன் வாழ்க்கையைச் சரியாகக் கணித்துவிட்டார்கள். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரஸ்வதி மகாலின் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர், தமிழ் அறிந்தவர். நாள் முழுக்க ‘கூலி கொடுத்தியா’ என்ற பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும். கூலி என்றால் கொடுக்கவேண்டிய காசு என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பிறப்புப் பற்றிய வழக்கு எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. கொடுக்கவேண்டிய காசின் பெயர், காசு கொடுக்கப்படவேண்டிய மனிதனின் பெயராக எப்படி மாறியது என்பதில்தான் மனம் போய்ப் போய் முட்டுகிறது.

தமிழில் அது முதலில் ஆளின் பெயராக இருந்ததில்லை. ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் கூலியாள், கூலிக்காரர் என்று பின்னால் எதையாவது ஒட்டியாக வேண்டும். ஒட்டில்லாமல் தனியே நிற்கும் கூலி, கைக்கு வந்து சேரும் ஒன்று. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அரவைக்கூலி, தையற்கூலி, வண்டிக்கூலி, வெட்டுக்கூலி: ஒவ்வொன்றும் இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று விரல்விட்டுச் சொல்கிறது. ஊர்ப்புறத்தில் ஆம்பளைக் கூலி, பொம்பளைக் கூலி என்று இரண்டு விலை வெளிப்படையாகவே பேசப்படும். அநியாயம்தான். ஆனால் அநியாயத்தைக்கூட மறைக்காமல் சொல்கிற சொல் அது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், வள்ளுவர் இந்தச் சொல்லைத்தான் எடுத்து வைத்திருக்கிறார். தெய்வத்தால் ஆகாமல் போன காரியத்திலும் உழைத்து வருந்திய உடம்புக்கு உரியது வந்து சேரும் என்பது அவர் கணக்கு. அதைச் சொல்ல பரிசு, பலன், பேறு என்று எத்தனையோ கௌரவமான சொற்கள் இருந்தன. களத்துமேட்டில் நெல்லாக அளந்து போடப்படுவதற்கான சொல்லை அவர் தேர்ந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பரிசு கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது, கூலி அப்படியல்ல. கொடுக்காவிட்டால் அது கடன். இன்று நகைக்கடை விளம்பரங்களில் ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்கும்போது எனக்கு எப்போதும் ஒரு துணுக்குறல் வரும். ஊதுகுழலுக்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆசாரியின் உழைப்பையும், அரத்தூளாகச் சிந்திய தங்கத்தையும் ஒரே மூச்சில் ‘இல்லை’ என்று சொல்லி வாங்குபவரை மகிழ்விக்க முடிகிறது. எங்கேயோ யாருக்கோ அது கொடுக்கப்பட்டுத்தான் இருக்கும், விலைக்குள் ஒளிந்திருக்கும். இருந்தாலும் இல்லை என்று சொல்வதே விற்பனையாகிறது.

1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறையில் ‘ட்ரூரோ’ கப்பல் வந்து நின்றது. சென்னையிலிருந்து புறப்பட்ட அதில் 342 பேர். டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் போன முதல் கூட்டம் அது. 1911இல் அந்தப் போக்குவரத்து நிறுத்தப்படும் வரை 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர், அதிலும் வடஆர்க்காட்டுக்காரர்கள் நிறைய. திருத்தணி அப்போது வடஆர்க்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகர் ஜமீனின் எல்லைக்குள் கிடந்த ஊர். மழை பொய்த்த வருஷங்களில் இந்த மலையடிவாரத்திலிருந்தும் எவராவது கிளம்பித்தான் இருப்பார்கள். கப்பல் பதிவேடுகளில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பிலிருக்கும் தழும்பு எல்லாம் எழுதப்பட்டன. அத்தனை விவரத்தையும் எழுதிவிட்டு அத்தனை பேரையும் ஒரே சொல்லால் கூப்பிட்டார்கள். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம், ஐந்து வருஷ ஒப்பந்தம். அதுதான் அவர்களுடைய உண்மையான கூலி, நம் அர்த்தத்தில். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே பிழைக்க நினைத்தவர்களுக்கு 1895இல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட ஒரு சட்டம் வந்தது. முதல் வருஷச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அரை வருஷ உழைப்பு. யாருக்கும் கூலியாக இல்லாமல் இருப்பதற்காகக் கட்டவேண்டிய தொகை! 1893இல் அங்கே போய் இறங்கிய காந்தியைக் ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். வணிகர், எழுத்தர், வழக்கறிஞர் யாராக இருந்தாலும் தோலின் நிறம் பார்த்து அந்த ஒரு சொல். முன்பற்கள் உடைந்து, ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு தன் முன் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழரைப் பற்றிக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே நூலில் இன்னொரு செய்தியும் வருகிறது. தமிழர் பெயர்களின் ஈற்றில் ‘சாமி’ வருவதைப் பார்த்த வெள்ளையர்கள் எல்லாத் தமிழரையும் ‘சாமி’ என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்களாம். சாமி என்றால் எசமானன், நான் உனக்கு எசமானன் இல்லை என்று துணிந்து திருப்பிச் சொன்னவர்களும் இருந்தார்களாம். கூலிக்கு அப்படி ஒரு பதிலடி யாருக்கும் வாய்க்கவில்லை போலிருக்கிறது. ‘கூலி என்றால் நீ எனக்குத் தரவேண்டியது’ என்று ஒருவராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

திருத்தணியில் சாமி என்று கூப்பிட்டால் ஆயிரம் பேர் திரும்புவார்கள். ஆடிக் கிருத்திகைக்கு வந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பரணியன்றே கூட்டம் சேர்ந்துவிடும். சித்தூர், புத்தூர், நகரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ‘ஹரோம் ஹர’ என்பார்கள், ஆர்க்காட்டுக்காரர்கள் ‘அரோகரா’ என்பார்கள். சரவணப் பொய்கையில் முழுகி, மஞ்சள் துணி சொட்டச் சொட்ட, 365 படிகளையும் வெறுங்காலில் ஏறுவார்கள். வெயிலேறிய கல்லில் தெளித்த தண்ணீர் ஆவியாகும் வாசனை, மிதிபட்ட சாமந்தியின் பச்சை நெடி, மொட்டையடித்த தலைகளில் சந்தனம். தோளில் காவடி. இந்த ஊரில் மலர்க்காவடிதான் விசேஷம். பூவுக்கு அடியில் மறைந்திருந்தாலும் காவடி அடிப்படையில் ஒரு சுமைக்கருவி. காவுதல் என்றால் தோளில் தூக்கிச் சுமப்பது. பாணர்கள் யாழையும் முழவையும் காவிக்கொண்டு போன காலத்திலிருந்து, தயிர்ப்பானையும் உப்பும் ஊர் ஊராகப் போன காலம் வரைக்கும் நடந்து பிழைத்தவர்களின் தோளில் கிடந்த கம்பு அது. காவடிக் கதையின் நாயகன் இடும்பன் ஒரு சுமைகாரன். அகத்தியருக்காக இரண்டு குன்றுகளைத் தூக்கிக்கொண்டு தெற்கே நடந்தவன், வழியில் ஆண்டவனோடேயே மல்லுக்கு நின்றவன். அவனுக்குப் பேசிய கூலி என்ன என்று புராணம் சொல்லவில்லை. பழனியில் இன்றும் முதல் வணக்கம் அவனுக்குத்தான், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் மலேயாவுக்கும் போன கப்பல்களில் கூலி என்ற சொல்லும் காவடி என்ற சொல்லும் சேர்ந்தே ஏறின, ஒரே தோள்களில். மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை. போர்ட் லூயிஸில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரையேறிய துறைக்குக் ‘கூலி காட்’ என்று பெயர் இருந்தது. பிற்பாடு அதை மாற்றி ‘ஆப்ரவாசி காட்’ என்றார்கள், 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்தத் தீவில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்திருக்கிறது. பிடித்தது கூலியை, துடைத்தது கூலி என்ற பெயரை. தோளில் சுமந்தது சாமிக்கென்றால் ஊரே தெருவில் இறங்கிக் கும்பிடுகிறது. துரைக்கென்றால் அதன் பெயரைச் சொல்லவே நா கூசுகிறது. சுமை என்னவோ இரண்டிலும் ஒரே தோளைத்தான் அழுத்தியது.

இலங்கை மலையகத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அங்கே தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கப் புத்தகங்கள் அச்சிடப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் வெளியான ஒரு கையேட்டின் பெயரே ‘இங்கே வா’. பிறகு, 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதியதற்குத் தலைப்பு ‘கூலித் தமிழ்’. ஒரு மொழியைக் கற்க அதன் ஏவல் ஒருமை போதும் என்று நினைத்தவர்கள் போட்ட தலைப்புகள். தொல்காப்பியமும் திருவாசகமும் உள்ள மொழியின் முன்னால் அந்தச் சொல்லை ஒட்டிவைக்க அவர்களுக்கு ஒரு தயக்கமும் இருந்திருக்காது. ஆனால் லயக் குடியிருப்புகளுக்குள் வேறொன்று நடந்திருக்கிறது. அங்கே ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்று சொல்கிறார்கள். பறித்த கொழுந்து நிறுவைத் தராசில் தோட்டம் கேட்ட கிலோவை எட்டிவிட்டால் அன்றைக்கு முழுப் பேர். எட்டாவிட்டால் ‘அரைப் பேர்’ போட்டுவிடுவார்கள். காலையில் மட்டக்கம்பும் கூடையுமாக மலையேறி, அட்டைக்கடியோடு சாயங்காலம் இறங்கும் பெண் ‘இன்னிக்கு அரப் பேருதான்’ என்று சொல்வதை முதலில் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே விழும் புள்ளி என்ற அளவில் அது வெறும் கணக்குப்பிள்ளை பேச்சாகத்தான் பிறந்திருக்கும். இருந்தும், ஒருவருடைய பெயரை மாலையில் பாதியாக வெட்டிக் கொடுக்க முடிகிற இடம் என்ன இடம்! ஆங்கிலம் கூலியை எடுத்து மனிதருக்குப் பெயராக வைத்தது. தோட்டம் மனிதரின் பெயரை எடுத்துக் கூலியாக வைத்தது. இரண்டும் ஒரே கொடுமையின் இரண்டு வாசல்களா, இல்லை பின்னதில் ‘என் பேர் முழுசாக எழுதப்படவேண்டும்’ என்ற ஒரு பிடிவாதமும் ஒளிந்திருக்கிறதா? ஒரு நாளைக்கு ஒன்று, மறுநாள் மற்றது என்று மாறி மாறித் தோன்றுகிறது.

சொல் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னேனே, அது வந்து உட்கார்ந்திருக்கும் இடம் நம் படிவங்கள். திருத்தணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் எல்லாவற்றிலும் பிள்ளைகள் சான்றிதழ் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். பொதட்டூர்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். விசைப்பலகையிலிருந்து கண்ணெடுக்காமலே கடைக்காரர் கேட்டார். ‘அப்பா இன்னா பண்றாரு?’ ‘கூலிண்ணா.’ அவர் மறு கேள்வி கேட்கவில்லை. சி, ஓ, ஓ, எல், ஐ, ஈ. ஆங்கிலத்தில் அப்படியே விழுந்தது. ‘மெயில் ஐடி சொல்லு’ என்று அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். பிரிண்ட் வரும் இடைவெளியில் நான் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். ‘அப்பா எங்கப்பா வேலைக்குப் போறாரு?’ ‘தறி சார். சின்ன வயசுலேர்ந்து தறிதான் ஓட்றாரு.’ ‘அப்ப நெசவாளர்னு போடலாமே?’ அவன் என்னை ஏதோ விவரம் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ‘தறி எங்களுது இல்ல சார்.’ அந்த ஒரு வாக்கியத்தில் பெரிய பெரிய புத்தகங்கள் சொல்ல முயன்றது இருக்கிறது. தறி யாருடையதோ அவர் நெசவாளர், ஓட்டுபவர் கூலி. விசைத்தறிக் கொட்டகைக்குள் போய் நின்றவர்களுக்கு அது எவ்வளவு பொய் என்று தெரியும். அந்தத் தடதடப்பில் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சு. நாடா இங்குமங்கும் பறந்துகொண்டிருக்கும்போதே தாரில் நூல் தீரப்போவதை ஓட்டுபவர் கண் கண்டுகொள்ளும். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த நுனிகளை நெருக்கமான இழைகளுக்கிடையே தேடிப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே ஒரு சுழற்று. முடிச்சு விழுந்ததா என்று நமக்குத் தெரிவதற்குள் தறி மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும். அந்த முடிச்சு அச்சின் பல்லுக்குள் சிக்காமல் போகும் அளவு சிறியதாக இருக்க வேண்டும். பெரிதானால் அடுத்த அடியில் மறுபடி அறுந்துவிடும். இதைக் கைக்குப் பழக்க வருஷக்கணக்கு ஆகும். இதற்குப் பெயர் தொழில் இல்லையென்றால் எதற்குத்தான் தொழில் என்று பெயர்? ஆனால் படிவத்தில் தறி ஓட்டுபவரும், தார் சுற்றும் பெண்ணும், அச்சு பிணைப்பவரும், கொத்தனாரோடு போகும் சித்தாளும், கரும்பு வெட்டுபவரும், கிடங்கில் மூட்டை தூக்குபவரும் ஒரே ஆள்: கூலி. நேட்டால் பதிவேட்டிலாவது தழும்பை எழுதி வைத்தார்கள்.

அதிலும் இந்த எல்லையூரில் இரண்டு மொழிகள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருப்பதால் சொல்லின் வழுக்கலைக் காதாலேயே கேட்கலாம். தெலுங்கிலும் கூலி என்றால் நாம் சொல்லும் அதே கைக்காசு. ஆனால் தெலுங்குப் பத்திரிகைகளில் ஆளைக் குறிக்கும்போது பெரும்பாலும் ஈற்றை நீட்டிக் ‘கூலீ’ என்பார்கள், பன்மையில் ‘கூலீலு’. நம் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் ‘உபாதி கூலீலு’. காசு குறிலில் முடிகிறது, மனிதர் நெடிலில். அந்த நெடில் இந்தி வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ சுற்றி வந்து சேர்ந்ததாக இருக்க வேண்டும். தெலுங்கில் ‘கூலு’ என்றால் இடிந்து விழுதல் என்பதும் ஞாபகத்துக்கு வருகிறது. ‘கூலிப்போயிந்தி’ என்றால் சரிந்துவிட்டது. சம்பந்தமில்லாத சொல்தான், சம்பந்தப்படுத்த எனக்கு ஆசை. 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாளுக்கு 319 ரூபாய், ஆந்திரத்தில் 300. அதே செம்மண், அதே வெயில், அதே மண்வெட்டி, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்காகத்தான் அத்தனை எல்லைப் போராட்டமும். எல்லையைப் பிரித்த படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து விடுபட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்காக முன்னின்று போராடிய ம.பொ.சி. வறுமையால் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு நெசவு வேலைக்குப் போனவர், பின்பு அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் நெசவாளி, அச்சுக்கோப்பாளர் என்று எழுதுகிறோம். பெரிய மனிதர்களின் பழைய வறுமைக்கு மட்டும் தொழிலின் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுகிறோம்.

சொல்லை மாற்றிவிட்டால் போகிறது என்பவர்களிடமும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. 2016 ரயில்வே பட்ஜெட்டில் நிலையங்களில் சுமை தூக்குபவர்களை இனிச் ‘சஹாயக்’ என்று அழைப்போம் என்றார்கள். உதவியாளர் என்று பொருள். சக்கரம் வைத்த பெட்டிகள் வந்து பிழைப்பு குறைந்துபோன பிறகு வந்து சேர்ந்த மரியாதை. அங்கன்வாடியிலும் சுகாதாரப் பணியிலும் வீடு வீடாக ஏறி இறங்கும் பெண்களுக்குத் தருவதற்கு மதிப்பூதியம் என்று பெயர். மதிப்பு இருக்கிறது, குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் காட்டிக் கேட்கும் உரிமைதான் இல்லை. உணவுப் பொட்டலத்தை முதுகில் கட்டிக்கொண்டு மழையில் வண்டி ஓட்டும் பையன் ‘டெலிவரி பார்ட்னர்’. பங்காளி என்றால் லாபத்தில் பங்கு எங்கே என்று கேட்கக் கூடாது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவனை வரையறுக்கும்போதே, முதலாளி-தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே இருப்பவன் என்றுதான் சொல்கிறது. சேவை, தொண்டு, பணி, பங்காளி என்று சொல்லின் கௌரவம் கூடக் கூட, தரவேண்டிய காசு கண்ணிலிருந்து நழுவிக்கொண்டே போகிறது. அந்த வகையில் கூலி நேர்மையான சொல். விசைத்தறிக்காரர்கள் கதவடைக்கும்போது ‘கூலி உயர்வு’ என்று பலகையில் எழுதுகிறார்கள். வேறு எந்தச் சொல்லைப் போட்டாலும் அந்தப் பலகை மழுங்கிவிடும். ஆகவே சொல்லை ஒழிக்க நான் கேட்க மாட்டேன். பத்திரிகைகள் இன்னொரு வேலையும் செய்துவைத்திருக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு கொலை செய்பவர்களுக்குக் ‘கூலிப்படை’ என்று பெயர் சூட்டியிருக்கின்றன. கொன்றவன் கூலி, லாரி மோதிச் செத்தவரும் ‘கூலித் தொழிலாளி’. ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு செய்திகளும் வந்த நாள்கள் உண்டு. அமிதாப் பச்சன் 1983இலும் ரஜினிகாந்த் 2025இலும் அதே பெயரில் படம் நடித்தார்கள். திரையில் அந்தச் சொல்லுக்கு விசில் அடிக்கிறோம். வில்லையைக் கையில் கட்டிய ஒற்றை வீரனுக்கு அது பட்டமாகிவிடுகிறது. வெளியே வந்தால் யாரும் அந்தப் பட்டத்தை விரும்பிச் சூடிக்கொள்வதாகத் தெரியவில்லை.

டர்பனில் அந்தச் சொல் புண்ணானதற்குக் காரணம், தரவேண்டியதைத் தராமல் தரவேண்டியதன் பெயரையே மனிதர் தலையில் ஒட்டிவைத்தது. நாமும் இன்று அதைத்தான் செய்கிறோம், வசையென்று நினைக்காமல், எழுத்துப் பிழை இல்லாமல், முத்திரையோடு. மாற்றுச் சான்றிதழ் எழுதும் ஆசிரியர்கள், இ-சேவை மையத்தில் இருப்பவர்கள், பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள், விண்ணப்பத்தைத் தாங்களே நிரப்பும் பிள்ளைகள், எல்லோரிடமும் கேட்டுக்கொள்ள எனக்கு ஒன்று உண்டு. தகப்பனோ தாயோ ‘கூலி’ என்று சொன்னால் அதோடு நிறுத்திவிடாமல், என்ன வேலை என்று இன்னொரு முறை கேளுங்கள். தறி என்றால் நெசவாளர் என்று எழுதுங்கள். களை எடுப்பவர் என்றால் விவசாயத் தொழிலாளி, மூட்டை தூக்குபவர் என்றால் சுமைப் பணியாளர், சித்தாள் என்றால் கட்டடத் தொழிலாளி. கூலி எவ்வளவு என்பதற்கு வருமானம் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, அங்கே எழுதிக்கொள்ளலாம். தறி யாருடையது என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.